பாட்டில் மூடித் தண்ணீர்

எங்கள் சபைக்கு ஒரு பெண்ணைப் போதகராக அனுப்புகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்கிக்கு எந்தப் பக்கம் பட்டன் வெச்சுத் தைப்பாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை, அதிலிருந்த ஆண் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் சேர்த்து, ஒற்றைப் பார்வையில் நடத்தியவர். அவர் மைதானத்துப் பக்கம் வந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் வாயிலிருந்த விசிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாராம். இதைப் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு, ஒரு பெண் பீடத்தில் நின்று நாலு வார்த்தை பேசுவது மட்டும் ஒப்பவில்லை.

"நீங்க ஸ்கூல்ல எல்லாரையும் அதட்டலையா அத்தை?" என்று கேட்டேன்.

"அது வேற" என்றார்.

நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்லிப் பழகியவர்கள். வெளியூர் விருந்தாளிகள் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஐயர் வீடு" என்று சொன்னால் நேரே கோவில் மாடவீதியில், பிராமணர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று மேலிடத்தில் முடிவாகி வெகுகாலம் ஆகிறது. எங்கள் சபையில் யாரும் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படியும் அடுத்த ஊருக்குத்தான் அனுப்புவார்கள் என்று ஒவ்வொரு ஊரும் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கைதான் ஜூன் மாதத்தில் எங்களைக் கைவிட்டது.

கமிட்டி கூடியது. என் கணவர் அதில் உறுப்பினர். வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. வாய் திறக்காமல் கூட்டங்களில் உட்காரும் பயிற்சி அங்கேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நான் பாப்பாவைத் தோளில் போட்டு, ஏப்பம் வரத் தட்டிக்கொண்டே கேட்டேன்.

சபைச் செயலர்தான் ஆரம்பித்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தன் காலிமனையில் கிரிவலக்காரர்களின் வண்டிகளை நிறுத்தவிட்டு நாலு காசு பார்ப்பவர். மற்ற நாட்களில் விக்கிரக ஆராதனையைப் பற்றி உருக்கமாக ஜெபிப்பவர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஜனங்க என்ன சொல்லுவாங்கன்னுதான்" என்றாராம். கமிட்டியில் இருந்த எல்லோருக்கும் இதே கவலை. அந்த ஜனங்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாசத்துல சில நாள்... அந்த நாள்ல திருவிருந்து எப்படி..." என்று இழுத்தாராம். அப்பமும் திராட்சரசமும் கெட்டுப்போகும் என்று பயம் போலிருக்கிறது. இது எந்த வசனம் என்று கேட்டிருக்கலாமே என்றேன் கணவரிடம். சொன்ன உடனே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தீட்டுச் சட்டங்கள் இருக்கும் லேவியராகமத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால்? ஆனால் பன்றி தின்னக் கூடாது என்பதும் அதே லேவியராகமத்தில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செயலர் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பது தெருவுக்கே மணக்கும்.

கடைசியாகப் பெண்கள் சங்கம். அதன் தலைவி எப்போதும் ஐயரம்மாதான். அதற்குத் தேர்தல் கிடையாது. இப்போது ஐயரம்மாவே ஐயராக வருகிறார் என்றால், அவர் வீட்டுக்காரரை என்ன செய்வது? அவர் வங்கியில் வேலை செய்கிறவராம். அவரைத் தலைவராகப் போடலாமா என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். "அவருக்கு கிறிஸ்துமஸ் முறுக்கு சுட வருமா?" என்று பொருளாளர் நிஜமான கவலையோடு கேட்டாராம். முடிவெடுக்காமல் ஜெபித்துக் கலைந்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா கோபுரத்தருகே பூக்கடை வைத்திருக்கிறார். செய்தி அவர் காதுக்கும் போய்விட்டது.

"உங்க சர்ச்சுக்கு பொம்பளை ஐயரு வந்துகீறாங்களாமே, நெசமா?"

"ஆமாக்கா."

"நல்லதுதான. அதுக்கு எதுக்கு உங்காளுங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுனு சுத்தறாங்க? எங்க சாமி ஒடம்புல பாதியவே குடுத்துட்டாரு. உங்காளுங்களுக்கு ஒரு மைக்கு குடுக்கக் கை வரலியா?"

எனக்குச் சுருக்கென்றது. "உங்க கோவில்ல பொம்பளைங்கள உள்ள விட்டு பூஜை பண்ண விடுவாங்களாக்கா?"

பூத்தொடுத்த விரல்கள் ஒரு நொடி நின்றன. "அது வேற" என்றார்.

பாப்பா ஏப்ரலில் பிறந்தவள். சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் மேல்மாடியில் தையலோடு படுத்திருந்தேன். அவள் கீழே இருந்தாள். மாமியாரும் கணவரும் மாறிமாறி வந்து, "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கா, வெயிட்தான் கம்மி" என்றார்கள். நான் நம்பினேன். நம்பிவிட்டு, நம்பியது சரிதானா என்று கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பழைய ஐயருக்கு மாற்றல் உத்தரவு வந்து சபை ஆளில்லாமல் கிடந்த நேரம். ஜெபம் பண்ணக்கூட யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்யாத கவலை இல்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பேன். விழித்தால் ஏன் தூங்கவில்லை என்று போனில் தேடுவேன். தண்ணீரை இருமுறை காய்ச்சுவேன். முதல் முறை கொதித்தது போதுமா என்று சந்தேகம்.

அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. எனக்கு ஒரு பேர்மேல் ஆசை. வயிற்றில் இருந்தபோதே அதைச் சொல்லித்தான் அவளோடு பேசுவேன். மாமியாருக்குத் தன் அம்மாவின் பேரை வைக்கவேண்டும். அந்தப் பேரில் வேதாகமத்தில் ஒரு புத்தகமே இருக்கிறது என்பது அவர் கட்சி. என் பேருக்குப் புத்தகம் இல்லை. ஞானஸ்நானத்தன்று போதகர் "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்கும்போது யார் முந்திக்கொள்வது என்பதுதான் மிச்சம் என்று என் கணவர் சிரித்தார். எங்கள் இருவரில் யாரும் சிரிக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம். சபையில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், நாற்பது நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்தாகவேண்டும் என்று அந்த வீட்டுக்கே போய்க் கெடு வைக்கிறவர் என் மாமியார். தன் பேத்தி விஷயத்தில் மட்டும், "என்ன அவசரம், கொஞ்சம் சதை போடட்டும்" என்றார். பெண் போதகர் கையால் வேண்டாம் என்பதற்காக இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததில் பாதிதான் சரி.

புதிய பாஸ்டர் முதல் ஞாயிறு பிரசங்கபீடத்தில் ஏறியபோது, மைக் ஸ்டாண்ட் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. வருஷக்கணக்காக உயரமான ஐயர்களுக்கே வைத்து வைத்து அந்தத் திருகு துருப்பிடித்துப் போயிருந்தது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் எழவில்லை. பாஸ்டர் இரண்டு முறை திருகிப் பார்த்தார். பிறகு மைக்கை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அவரைப் பற்றி மிகையாக எதுவும் சொல்ல விரும்பவில்லை. பிரசங்கம் நீளம். பாட்டு வராது, வராது என்று தெரிந்தும் மைக்கை மூடிக்கொள்ளாமல் பாடுவார்.

அன்று பாப்பா பாதி ஆராதனையில் வீரிட்டாள். வழக்கப்படி எல்லாத் தலைகளும் திரும்பின. குழந்தை அழுதால் தாய்மார்கள் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய், ஸ்கூட்டர்களுக்கு நடுவே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுக்கவேண்டும். நான் எழுந்தேன். பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்தாமலே, "வெஸ்ட்ரியில ஃபேன் இருக்கு, அங்க போய் உக்காந்து குடுங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட வசனத்திலிருந்து தொடர்ந்தார்.

வெஸ்ட்ரி என்பது ஐயர் அங்கி மாட்டுகிற அறை. அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கப் பெண்கள் அதன் வாசல்வரை போகலாம். உள்ளே ஒரு பழைய மரநாற்காலி, கண்ணாடி, ஒரு நல்ல ஃபேன். இவ்வளவு காற்றை இத்தனை காலம் யார் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்தபடி பால் கொடுத்தேன். சுவருக்கு அந்தப்புறம் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் கைதான் என் பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆசைப்பட்டேன். வீட்டில் சொல்லத்தான் தைரியம் இல்லை.

மாமியார் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அன்று காலை கைப்பையை மாட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி, அங்கே ஆண் ஐயர் கையால் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். கேட்டால், "பழைய ஸ்டாஃபயெல்லாம் பாத்துட்டு வரேன்" என்பார்.

பெண்கள் சங்கக் கூட்டத்தில் மறைக்கவில்லை. "பொம்பளை ஊத்துற தண்ணி தலையில நிக்காது" என்றாராம். இதை எனக்குச் சொன்ன அம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆகஸ்டில் இனித் தள்ளிப்போட முடியாது என்றாகிவிட்டது. மாமியார் அதற்கும் வழி வைத்திருந்தார். என் கணவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயர் ஓய்வு பெற்று கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். அவரையே வரவழைத்துக் கொடுக்கச் சொல்லலாம். "மகனுக்குக் குடுத்த கையாலயே பேத்திக்கும். யாரும் தப்பா நெனைக்க முடியாது பாரு."

"நம்ம பாஸ்டர் இருக்கும்போது..." என்றேன் கணவரிடம்.

"அம்மா ஆசைப்படறாங்கல்ல, விடேன்" என்றார். விட்டேன். விட்டது கடமையா கோழைத்தனமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுமதி கேட்கப் போதகர் வீட்டுக்குப் போனோம். பாஸ்டர் தரையில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொன்னேன்.

"அத்தைக்கு ஒரு ஆசைங்க பாஸ்டர். அந்த ஐயர்தான் இவருக்கும் குடுத்தவரு. அதனாலதான். வேற ஒண்ணும் இல்லீங்க."

"பொம்பளை ஊத்துற தண்ணி நிக்காதுன்னு சங்கத்துல சொன்னாங்களாமே" என்றார் பாஸ்டர், ஒரு சட்டையின் கையை மடக்கியபடி. "எங்க வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருந்தாரு. தலைவர் இல்ல, சும்மா டீ போட்டுக் குடுக்கப் போனாரு."

என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா மட்டும் பாஸ்டரைப் பார்த்தாள்.

"வரட்டும்" என்றார் பாஸ்டர். "எனக்கும் ஒரு வாரம் திட்டு மிச்சம். ஆனா முந்தின நாளு குடும்பத்த உக்கார வெச்சுக் கேக்க வேண்டியதயெல்லாம் அவரே கேட்டுரட்டும். நான் கேட்டா அத்தை பதில் சொல்ல மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. காலண்டரைப் பார்த்தேன். "அத்தை, முந்தின நாள் பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. ஐயர் எப்படி வருவாரு?"

"பௌர்ணமி பாத்தா நாம காரியம் பண்றோம்? நல்லா படிச்ச பொண்ணு நீ."

ஆகவே அந்தச் சனிக்கிழமை, ரிட்டையர்டு ஐயர் தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு கிரிவலக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். நினைத்த பக்கம் திரும்ப முடியாமல் கூட்டம் தள்ளிய பக்கமே நடந்து, மாலையில் வியர்த்து ஒழுக வந்து சேர்ந்தார். கையில் ஒரு தொன்னை இருந்தது.

"வழியில குடுத்தாங்க" என்றார் மாமியாரின் பார்வையைத் தவிர்த்தபடி. "சாம்பார் சாதம். வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு... நல்லாதான் இருந்துச்சு."

ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, காப்பி குடித்து, முறுக்கு கடித்து, பழைய ஆராதனை முறைமைப் புத்தகத்தைத் திறந்தார். பெற்றோர் பேர், ஞானப்பெற்றோர் யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் பழகிப்போன ராகம். முறுக்கைவிட அதில் கவனம் கம்மிதான்.

"இந்தப் பிள்ளைக்கு இதுக்கு முன்ன ஞானஸ்நானம் குடுக்கப்படலியே?"

"இல்லீங்க ஐயரே" என்றேன்.

"ஆயிடுச்சுங்க" என்றார் மாமியார்.

ஐயர் முறுக்கைத் தட்டில் வைத்தார். என் கணவர் சிரிக்கலாமா என்பதுபோல் எங்கள் முகங்களைப் பார்த்தார். மாமியார் தலைமை ஆசிரியையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முந்தானை நுனி மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சொல்றே? யாரு குடுத்தா?"

"நான்தான்."

"நீயா?"

"ஆஸ்பத்திரியில. ரெண்டாம் நாள் மத்தியானம். சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம்னு சொன்னாரு டாக்டரு. மாத்தலாகிப் போன ஐயருக்குப் போன் அடிச்சேன், ஸ்விட்ச் ஆஃப். என்ன மட்டும் பச்ச கவுன் மாட்டி உள்ள விட்டாங்க, பாத்துட்டு வான்னு. கவுனுக்குள்ள தண்ணி பாட்டில் வெச்சிருந்தேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினப்ப, மூடியில ஊத்தி, பெட்டி ஓட்டை வழியா கைய விட்டு நெத்தியில மூணு தடவை விட்டேன். கண்ணுல வழிஞ்சுது. நர்ஸ் பாத்துட்டுக் கண்டபடி திட்டிச்சு. பேசாம நின்னேன். ஜென்மத்துல யார்கிட்டயும் அப்படித் திட்டு வாங்கினதில்ல."

"வார்த்த சொன்னியா?"

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொன்னேன். அது தெரியாதா எனக்கு?"

ஐயர் கண்ணை மூடி யோசித்தார். ஒழுக்கமான லுத்தரன் ஐயர் அவர். பிரியாணி மாஸ்டருக்குச் சொல்லியாகிவிட்டது என்பதற்காகச் சட்டத்தை வளைக்கிறவர் இல்லை. "தண்ணி இருந்துச்சு, வார்த்த இருந்துச்சு. அப்ப செல்லும். மறுபடி குடுக்கக் கூடாது. குடுத்தா தப்பு."

"நான் பொம்பளையாச்சுங்களே ஐயரே" என்றார் மாமியார். கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"அதுக்கென்ன? உசுருக்கு ஆபத்துன்னா கிறிஸ்தவங்க யார் வேணாலும் குடுக்கலாம். ஆம்பளை பொம்பளை கிடையாது. மொத திருவிருந்துக்கு முன்ன கன்ஃபர்மேஷன் கிளாஸ்ல படிச்சிருப்பியே."

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அதைக் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தேன், முடியவில்லை. "அப்ப நம்ம பாஸ்டர் குடுத்தாலும் செல்லும்தானுங்க ஐயரே? அவங்க செமினரியில படிச்சிட்டு, குருப்பட்டம் வாங்கிட்டு வந்து குடுக்கறாங்க."

"அது வேற" என்றார் ஐயர்.

"அது வேற" என்றார் மாமியார், அதே மூச்சில்.

ஐயர் முறுக்கை எடுத்துக்கொண்டார். நாளைக்கு சபைக்கு முன்னால் விசாரித்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது மட்டும்தான் பாக்கி, அது அந்தந்தச் சபைப் போதகர் செய்யவேண்டிய வேலை, தனக்கு அதில் இடமில்லை என்றார். பொம்பளைக் கை வேண்டாம் என்று நாங்கள் பௌர்ணமிக் கூட்டத்துக்குள் நடக்கவைத்துக் கூட்டிவந்த மனிதர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடமே போகச் சொல்லிவிட்டார்.

நான் சமையலறைக்குப் போனேன். மாமியார் பின்னாலேயே வந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். கேட்கவேண்டியது நிறைய இருந்தது. வாயில் வந்தது இது: "காச்சின தண்ணியா அத்தை?"

"கேன் தண்ணி."

பிறந்த இரண்டாம் நாள் குழந்தைக்கு, பச்சைத் தண்ணீர். உடம்பு பதறியது. இத்தனை மாதம் கழித்துப் பதறி என்ன என்று பிறகுதான் தோன்றியது. அதற்கும் பிறகுதான் மற்றது உறைத்தது. அந்த மத்தியானம் இவர் மேலே வந்து, என் தலையைத் தடவி, "ஒண்ணும் இல்ல, வெயிட்தான் கம்மி" என்றாரே. அப்போது அவர் கைப்பைக்குள் அந்தப் பாட்டில் இருந்திருக்கும்.

"அவ்ளோ மோசமா இருந்துச்சா அத்தை?"

"உன்கிட்ட சொல்லி? எந்திரிச்சு ஓடிப்போய் தையலப் பிரிச்சுக்கிட்டு கிடப்பே." டம்ளரைக் கவிழ்த்தார். "அழாத. பால் சரியா எறங்காது."

மறுநாள் ஆராதனையில் ரிட்டையர்டு ஐயர் முன்னால் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டருக்குக் காலையிலேயே எல்லாம் சொல்லிவிட்டோம். கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வரவில்லை. அதற்கே அவருக்கு இன்னொரு பட்டம் கொடுக்கலாம்.

எங்களை முன்னால் அழைத்தார். பாப்பா என் கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கேள்விகளை மாமியாரைப் பார்த்து, மைக்கில் கேட்டார். மைக்கை நீட்டிப் பதிலையும் வாங்கினார்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்."

பின்வரிசைவரை ஒரு சலசலப்பு ஓடியது. பெண்கள் சங்கம் மொத்தமும் கழுத்தை நீட்டியது.

"எதைக்கொண்டு கொடுத்தீர்கள்?"

"தண்ணீரைக்கொண்டு." பிறகு உண்மையை முழுதாகச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியதுபோல், "கேன் தண்ணீர்" என்றார்.

"என்ன வார்த்தைகளைச் சொல்லி?"

வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல் கணீரென்று சொன்னார். அவர் குரல் அந்த மைக்கில் நன்றாகத்தான் எடுபட்டது.

"என்ன பெயரிட்டு?"

முந்தின நாள் ரிட்டையர்டு ஐயர் கேட்க மறந்த கேள்வி. தன் அம்மாவின் பேரைத்தான் வைத்திருப்பார். பெட்டிக்குள் கையை விட்டபோதே அந்த வழக்கையும் சேர்த்து முடித்திருப்பார். ஒருமுறை இட்டதை மாற்ற முடியாது என்று இதே ஐயர்தான் சட்டம் சொல்லிவிட்டாரே. பாஸ்டர் மைக்கை நீட்டியபடியே காத்திருந்தார். கேட்டதற்குப் பதில் வராமல் விடுகிறவர் இல்லை என்று தெரிந்தது.

மாமியார் பேரைச் சொன்னார்.

என்னுடைய பேர். புத்தகம் இல்லாத, சின்னப் பேர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பலிபீடத்துச் சிலுவையைப் பார்த்துச் சொன்னார், மைக் வாயருகே இருப்பதை மறந்து: "பிழைக்காதுன்னு நெனச்சேன். போற பிள்ள அவங்கம்மா வெச்ச பேரோடவாவது போவட்டும்னு."

செயலர்கூடச் செருமவில்லை. பாஸ்டர் இந்த ஞானஸ்நானம் சரியானது, முழுமையானது, இதை இனி யாரும் திரும்பக் கொடுக்கவேண்டியதில்லை என்று அறிவித்தார். கொடுத்தது ஒரு பெண் என்பதை அவர் சொல்லவே இல்லை. பிறகு பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் சாய்த்து, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நான் ஆசைப்பட்ட கை. தண்ணீர்தான் இல்லை. பாப்பா விழிக்கவே இல்லை.

வெளியே பந்தல் நிழலில் மாமியாரைப் பிடித்துக்கொண்டேன். "அப்பவே என் பேர வெச்சுட்டு, இத்தன நாளா எதுக்கு அத்தை என்னோட மல்லுக்கு நின்னீங்க?"

"அதான் பிழைச்சுட்டாளே" என்றார். "யாருக்குத் தெரியப்போவுதுன்னு இருந்தேன். இந்தக் கெழவரு வந்து கேட்டாரு. ஐயர்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

பிரியாணி இலையோடு செயலர் வந்தார். "அப்ப டீச்சரம்மா, நீங்களும் ஐயருதான்னு சொல்லுங்க. அடுத்த மாசம் எங்க பேரனுக்கும் நீங்களே ஊத்திடறீங்களா?"

"யோவ், நான் அவசரத்துக்குக் குடுத்தேன். அந்தப் பொண்ணு படிச்சிட்டு வந்து, பட்டம் வாங்கிக் குடுக்குது. அது வேற."

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்கவேண்டும்.

"ஆமா, வேறதான்" என்றார் செயலர், எலும்பை ஒதுக்கியபடி.

கமிட்டி இன்னும் மாறிவிடவில்லை. மைக் ஸ்டாண்டின் திருகுக்கு யாரும் எண்ணெய் விடவில்லை. ரிட்டையர்டு ஐயர் போகும்போது என் கணவரிடம், பெண்கள் ஊழியத்துக்கு வருவதுபற்றித் தன் கருத்தில் மாற்றம் இல்லை என்றும், பிரியாணி நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாத முதல் ஞாயிறு. பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சே அத்தை."

"வெயில் ஜாஸ்தி. இன்னிக்கி போவல" என்றார்.

வெளியே விடியற்காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் வீம்புக்காவது பஸ் ஏறிவிடுவார் என்று பயம். குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெயிலுக்குப் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு நடந்தார்.

திருவிருந்து வாங்க முதல் பந்தியில் போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. கடைசிப் பந்திக்கு எழுந்து, எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். பாஸ்டர் வரிசையாக வந்துகொண்டிருந்தார். மாமியார் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். பிரம்பு பிடித்துப் பழகிய கைகள். பாஸ்டர் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

பாப்பா என் கையிலிருந்து எட்டி, பாட்டியின் கையிலிருந்ததைப் பிடுங்கப் பார்த்தாள். "ஏய்" என்று மெதுவாக அதட்டினார் மாமியார். பிறகு அவள் பேரைச் சொல்லி அதட்டினார். வீட்டில் அதுவரை ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.